காந்தம் ஒட்டியது; சார்ஜ் ஏறவில்லை. ஏன்?



இந்த வாரப் பாடத்தை என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

படிவம் நான்கு மாணவன் ஒருவன், சேர்த்து வைத்திருந்த பணத்தில் இணையக் கடை ஒன்றில் காந்த பவர் பேங்க் வாங்கினான். கைப்பேசியின் முதுகில் வைத்ததும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு, கம்பி இல்லாமலே மின்னேற்றம் செய்யும் வகை அது. அவனுடைய கைப்பேசியில் காந்தம் கிடையாது. அதற்கென்றே விற்கும் இரும்பு வளையம் ஒன்றையும் வாங்கிக் கைப்பேசி உறையின் பின்னால் ஒட்டிக்கொண்டான். பவர் பேங்க் அருமையாக ஒட்டியது. தலைகீழாகப் பிடித்து ஆட்டினாலும் விழவில்லை. ஆனால் ஒரு விழுக்காடுகூடச் சார்ஜ் ஏறவில்லை.

"சார், காந்தம் இவ்வளவு வலுவா பிடிக்குது. அப்புறம் ஏன் சார்ஜ் ஏறல?"

இடைவேளை மணி அடித்த நேரம். நான் கையில் இருந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, "பழுதான பொருளா இருக்கும்பா, திருப்பி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவனும் நம்பி அனுப்பினான். அஞ்சல் செலவு அவனுடையது. பத்து நாள் கழித்து வேறொன்று வந்தது. அதுவும் அருமையாக ஒட்டியது. அதுவும் ஏற்றவில்லை.

இரண்டாம் முறை அவன் வந்தபோதுதான் கைப்பேசியின் மாதிரி எண்ணைக் கேட்டு, அதன் விவரப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். கம்பியில்லா மின்னேற்ற வசதியே அந்தக் கைப்பேசியில் இல்லை. அதாவது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் செப்புச் சுருள் உள்ளே இல்லை. பவர் பேங்க் இரண்டிலும் எந்தக் குறையும் இல்லை. குறை என் பதிலில்தான் இருந்தது. அவனுடைய கேள்விக்குள்ளேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருந்தது. அதைக் கவனித்துத் திருத்தியிருக்க வேண்டியவன் நான். காந்தம்தான் மின்சாரத்தைக் கைப்பேசிக்குள் அனுப்புகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

சும்மா இருக்கும் காந்தம்

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் 1831 ஆகஸ்டு 29 அன்று மைக்கேல் ஃபாரடே செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பக்கத்தில் செப்புக் கம்பிச் சுருள், எதிர்ப் பக்கத்தில் இன்னொரு சுருள். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. முதல் சுருளை மின்கல அடுக்குடன் இணைத்தார். இரண்டாம் சுருளின் பக்கத்தில் இருந்த காந்த ஊசி ஒருமுறை துள்ளியது. பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. மின்கல அடுக்கு இணைந்தபடியேதான் இருந்தது. முதல் சுருளில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஊசி அசையவில்லை. இணைப்பைத் துண்டித்தார். ஊசி மறுபடியும் துள்ளியது, இந்த முறை எதிர்த் திசையில்.

இந்தச் சோதனையில் நான் எப்போதும் நின்று பார்ப்பது அந்த இடைப்பட்ட அமைதியைத்தான். காந்தப்புலம் இருந்தது, ஆனால் மின்சாரம் இல்லை. புலம் மாறும்போது மட்டுமே இரண்டாம் சுருளில் மின்சாரம் பிறந்தது. இதற்கு மின்காந்தத் தூண்டல் என்று பெயர். படிவம் ஐந்து இயற்பியலில் 'அருஹான் எலெக்ட்ரோமேக்னெட்' என்று நீங்கள் படிப்பது இதுதான்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி உட்கார்ந்திருக்கும் ஊஞ்சலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால் அது ஆடுமா? தள்ளி விட வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறீர்கள் என்பது அங்கே பொருட்டல்ல.

பவர் பேங்க்கின் முகத்தில் வட்டமாகப் பதித்திருப்பவை நிலைக்காந்தங்கள். அவற்றின் புலம் மாறுவதில்லை. ஆகவே அவற்றால் உங்கள் கைப்பேசிக்கு ஒரு துளி மின்சாரமும் தர முடியாது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை எவ்வளவு மின்சாரம் தருகிறதோ, அதே அளவுதான்.

அப்படியானால் மின்சாரம் எப்படிப் போகிறது?

அந்தக் காந்த வட்டத்தின் நடுவே, பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே, கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றப்பட்ட தட்டையான செப்புக் கம்பி இருக்கிறது. வேலையைச் செய்வது அதுதான்.

பவர் பேங்க்கின் லித்தியம் அயனி மின்கலம் தருவது சுமார் 3.7 வோல்ட் நேர் மின்னோட்டம். அதை அப்படியே சுருளுக்குள் விட்டால் ஃபாரடேயின் ஊசியைப் போல ஒரு துள்ளலோடு கதை முடிந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் மின்சுற்று அதை மாறுதிசை மின்னோட்டமாக்கி, நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கும் மேல் திசை மாறி ஓட வைக்கிறது. நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறுகிறது. அந்த மாறும் புலம் கைப்பேசிக்குள் இருக்கும் இன்னொரு சுருளை ஊடுருவும்போது அங்கே மின்னோட்டம் தூண்டப்படுகிறது. கைப்பேசி அதை மீண்டும் நேர் மின்னோட்டமாக்கித் தன் மின்கலத்தில் சேமிக்கிறது.

இது வேறொன்றுமில்லை, படிவம் மூன்றில் நீங்கள் வரைந்த மின்மாற்றிதான். முதன்மைச் சுருள் பவர் பேங்க்கில், துணைச் சுருள் கைப்பேசியில். ஒரே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மின்மாற்றியில் இரண்டு சுருள்களுக்கும் பொதுவாக ஓர் இரும்பு உள்ளகம் இருக்கும். முதன்மைச் சுருளின் புலத்தைச் சிந்தாமல் சிதறாமல் துணைச் சுருளிடம் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நடுவே இருப்பது பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சில மில்லிமீட்டர் காற்றும்தான். சுருள்கள் கொஞ்சம் விலகினாலும், மையம் கொஞ்சம் தவறினாலும், புலத்தின் பெரும் பகுதி துணைச் சுருளைத் தொடாமலே போய்விடும்.

காந்தத்தின் வேலை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். மையத்தோடு மையம் பொருந்தும்படி இரண்டையும் இழுத்துச் சரியான இடத்தில் பிடித்து வைப்பது. அவ்வளவே. வேலை சின்னது, ஆனால் தேவையானது. மேசையில் வைக்கும் பழைய கம்பியில்லாத் தட்டுகளில் காந்தம் கிடையாது. இரவில் கைப்பேசியை அதன்மேல் வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் ஏறியிருக்காது, கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

இந்த யோசனை முதலில் வந்தது நீங்கள் நினைக்கும் நிறுவனத்துக்கு அல்ல. 2009-இல் பாம் நிறுவனம் தன் கைப்பேசிக்காக விற்ற தூண்டல் மின்னேற்றிலேயே காந்தங்கள் இருந்தன. ஆப்பிள் நிறுவனம் 'மேக்சேஃப்' என்ற பெயரை 2006-இல் முதன்முதலில் சூட்டியது மடிக்கணினியின் மின்கம்பி முனைக்கு. யாராவது கம்பியில் கால் தடுக்கினால் முனை மட்டும் கழன்றுவிடும், கணினி கீழே விழாது. அங்கேயும் காந்தம் பிடித்துக்கொள்ளும் வேலையைத்தான் செய்தது. மின்சாரம் உலோக ஊசிகள் வழியாகப் போனது. அதே பெயர் 2020-இல் ஐஃபோன் 12-உடன் கைப்பேசிக்கு வந்தது. பின்னர் 2023-இல் அறிவிக்கப்பட்ட 'சீ 2' தரநிலை இந்தக் காந்த வட்டத்தைப் பல நிறுவனங்களின் கைப்பேசிகளுக்கும் பொதுவாக்கியது. 'சீ' என்பது சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் சொல். பெட்டியின்மேல் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நம் மாணவர்கள் வேறு எப்படியெல்லாமோ படிக்கிறார்கள்; பக்கத்தில் அமரும் சீன நண்பரைக் கேளுங்கள், சரியாகச் சொல்லித் தருவார்.

இவ்வளவு மெல்லிய துண்டுக்கு இவ்வளவு பிடிமானம் எப்படி வந்தது? இவை நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் கலந்த காந்தங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தவை. நியோடிமியம் அரிய மண் தனிமங்களில் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்தில் தோண்டியெடுக்கும் தாது, நம் பகாங் மாநிலத்தின் குவாந்தான் அருகே கெபேங்கில் உள்ள லைனாஸ் ஆலைக்கு வந்துதான் 2012 முதல் பிரித்தெடுக்கப்படுகிறது. அந்த ஆலையின் தோரியம் கலந்த கழிவைப் பற்றி நாட்டில் எழுந்த எதிர்ப்பை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

கூப்பிட்டால் பதில் வர வேண்டும்

என் மாணவனின் பவர் பேங்க்குக்குத் திரும்புவோம். இரும்பு வளையத்தில் ஒட்டியிருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது? விடாமல் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. அவ்வப்போது மிகச் சிறிய ஒரு துடிப்பை மட்டும் அனுப்பி, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும். எதிரே பொருத்தமான சுருள் இருந்தால், அந்தத் துடிப்பின் ஆற்றலிலேயே கைப்பேசியின் சில்லு விழித்துக்கொண்டு, தன் மின்சுமையைக் கூட்டிக் குறைத்துப் பதில் சொல்லும். அந்தக் கூடலும் குறைதலும் பவர் பேங்க்கின் சுருளில் தெரியும். பதில் கிடைத்த பிறகே முழு மின்னேற்றம் தொடங்கும். ஏற்றம் நடக்கும்போதும் "இன்னும் கொடு, குறைத்துக்கொள், போதும்" என்று கைப்பேசி சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அவன் கைப்பேசியில் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே பவர் பேங்க் கேட்டுக் கேட்டு ஓய்ந்தது.

இந்தக் கேள்வி பதில் ஏற்பாடு பாதுகாப்புக்கும் உதவுகிறது. மாறும் காந்தப்புலத்தின் நடுவே ஒரு நாணயமோ சாவியோ மாட்டிக்கொண்டால், அந்த உலோகத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் உருவாகி அது கொதிக்கத் தொடங்கும். தூண்டல் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இப்படித்தான். தரமான பவர் பேங்க், அனுப்பும் ஆற்றலுக்கும் கைப்பேசி பெற்றதாகச் சொல்லும் ஆற்றலுக்கும் உள்ள கணக்கு உதைப்பதைக் கண்டு தானாக நின்றுவிடும். மலிவானது நிற்குமா என்பதை உங்கள் கைப்பேசியை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நம் பிள்ளைகளின் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கைப்பேசி உறைக்குப் பின்னால் டச் அண்ட் கோ அட்டையைச் செருகி வைப்பது. அந்த அட்டைக்குள்ளும் ஒரு சுருளும் சில்லும் இருக்கின்றன. மின்னேற்றத்தின்போது அது நடுவே இருந்தால் சில்லு கெட்டுப்போகலாம். காந்தப் பட்டை உள்ள வங்கி அட்டை என்றால் பதிவே அழியலாம். பவர் பேங்க்கை ஒட்டுவதற்கு முன் அட்டையை எடுத்துவிடுங்கள். காரில் கைப்பேசியைத் தாங்க ஒட்டும் முழு இரும்புத் தகடும் அப்படியே. வளையமாக இருந்தால் சுருளைச் சுற்றி நிற்கும். தகடாக இருந்தால் சுருளை மூடிக்கொண்டு தானும் சூடாகும்.

பெட்டியில் உள்ள எண்ணும் கைக்கு வரும் எண்ணும்

இனி கணக்கு. பேனாவை எடுங்கள்.

5,000 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட மெல்லிய காந்த பவர் பேங்க் ஒன்று. எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர் மணி. அது ஆற்றல் அல்ல, மின்னூட்டத்தின் அளவு. ஆற்றல் வேண்டுமானால் மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். 5 ஆம்பியர் மணி × 3.7 வோல்ட் = 18.5 வாட் மணி. உங்கள் கைப்பேசியின் மின்கலம் 17 வாட் மணி என்று கொள்வோம். "அப்படியென்றால் ஒருமுறை முழுசா ஏத்திடலாமே சார்!" என்பீர்கள்.

முடியாது. மின்னழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் போகும். சுருளின் மின்தடையில் கொஞ்சம் போகும். துணைச் சுருளைத் தொடாத புலத்தில் கொஞ்சம், மீண்டும் நேர் மின்னோட்டமாக்கும்போது கொஞ்சம். நூற்றுக்கு 60 கைப்பேசிக்குச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் 18.5 × 0.6 = 11.1 வாட் மணி. கைப்பேசியில் ஏறுவது 65 விழுக்காடு. அதே பவர் பேங்க்கிலிருந்து கம்பி வழியாக ஏற்றி, நூற்றுக்கு 85 சேர்ந்தால் 15.7 வாட் மணி, அதாவது 92 விழுக்காடு. இந்த 60-உம் 85-உம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுடையதை நீங்களே அளக்கலாம். கீழே வழி சொல்கிறேன்.

காணாமல் போன 7.4 வாட் மணி எங்கே? ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்கள். எல்லாம் வெப்பமாயிற்று. 7.4 × 3,600 = 26,640 ஜூல். ஒரு குவளைத் தண்ணீர், 200 கிராம். அதன் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு 4,200. வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 32 பாகை உயர்வு. 28 பாகையில் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர் 60 பாகைக்குப் போகும். குவளையைக் கையில் பிடிக்க முடியாத சூடு. இந்த வெப்பம் ஒரே நொடியில் வருவதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பரவலாக வருகிறது. ஆனாலும் அது வெளியாகும் இடம் இரண்டு லித்தியம் மின்கலங்களுக்கு நடுவில் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சூடானால் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள மின்னேற்ற வேகத்தைக் குறைக்கும், சில நேரம் 80 விழுக்காட்டில் நிறுத்தியும் வைக்கும். நம் ஊர் மதியம் 33 பாகை. அந்த நேரத்தில் கைப்பேசியில் பவர் பேங்க்கை ஒட்டிக்கொண்டு விளையாட்டும் ஆடினால் ஏறுவது ஆமை வேகத்தில்தான். பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். அஞ்சல் செலவு வீண்.

பெட்டியின் பின்புறம் சின்ன எழுத்தில் இன்னோர் எண் இருக்கும், 5 வோல்ட்டில் கிடைக்கும் உண்மையான கொள்ளளவு என்று. 10,000 என்று பெரிதாக அச்சிட்ட பவர் பேங்க்கில் அது 6,000 அளவில் இருந்தால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். 37 வாட் மணியை 5 வோல்ட்டால் வகுத்தாலே 7,400-தான் வரும், மீதி இழப்பு. அந்த எண்ணையே போடாத பெட்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

வெப்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம்

லித்தியம் அயனி மின்கலத்துக்குள் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். தடுப்பு கிழிந்தாலோ உருகினாலோ இரண்டு முனைகளும் உள்ளேயே குறுக்கிணைந்து, வெப்பம் வேதிவினையைத் தூண்ட, வேதிவினை மேலும் வெப்பத்தைத் தரும். அதன் பிறகு நிறுத்துவது கடினம். பவர் பேங்க் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். குத்தி வாயுவை வெளியேற்றப் பார்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்; மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பவர் பேங்க்கை விட்டுச் செல்வதும் வேண்டாம்.

2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுவதற்கு முன்பே தீப்பிடித்தது. உள்ளே இருந்த அனைவரும் வெளியேறி உயிர் தப்பினர். ஒரு பவர் பேங்க்கின் உள்ளே மின்காப்பு பழுதானது காரணமாக இருக்கலாம் என்று கொரிய அதிகாரிகள் கூறினர். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டும் பயணத்தின்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை விதித்தன. அதைப் பெட்டியில் வைத்துச் சரக்கறைக்கு அனுப்பவும் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். தீ வந்தால் கண்ணில் படும் இடத்தில் வர வேண்டும் என்பதே காரணம். சிறப்பு அனுமதி இல்லாமல் கொண்டு செல்லும் உச்ச அளவு 100 வாட் மணி. அது எத்தனை எம்.ஏ.எச். என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். விடை 27,000-க்கு மிக அருகில் வந்தால் நீங்கள் பாடத்தைக் கவனித்திருக்கிறீர்கள்.

தாத்தா பாட்டி யாருக்காவது நெஞ்சில் இதயமுடுக்கி பொருத்தியிருந்தால் இதையும் வீட்டில் சொல்லுங்கள். அந்தக் கருவிகள் வலுவான காந்தம் அருகில் வந்தால் தம் இயக்க முறையை மாற்றிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. மருத்துவர்கள் வேண்டுமென்றே காந்தத்தை வைத்து மாற்றுவதும் உண்டு. காந்தக் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. 15 சென்டிமீட்டருக்கு அப்பால், கம்பியில்லாமல் மின்னேற்றும்போது 30 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். பேரன் மடியில் படுத்துக்கொண்டு கைப்பேசி பார்ப்பதும் அந்தத் தூரத்துக்குள் வந்துவிடும்.

வீட்டில் செய்து பாருங்கள்

கைப்பேசி 30 விழுக்காட்டில் இருக்கும்போது காந்த பவர் பேங்க்கை ஒட்டி அரை மணி நேரம் ஏற்றுங்கள். திரையை அணைத்து வையுங்கள். எவ்வளவு ஏறியது, பவர் பேங்க்கில் எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். மறுநாள் அதே அறையில், அதே 30 விழுக்காட்டிலிருந்து, அதே பவர் பேங்க்கைக் கம்பியால் இணைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது காகிதச் சோதனை. மேசைமேல் பவர் பேங்க்கைப் படுக்க வைத்து, அதற்கும் கைப்பேசிக்கும் நடுவே பத்துப் பத்தாகக் காகிதங்களை அடுக்குங்கள். சாதாரண நகல் காகிதம் பத்துத் தாள் சுமார் ஒரு மில்லிமீட்டர். எத்தனையாவது தாளில் மின்னேற்றம் நிற்கிறது? அப்போது காந்தம் இன்னும் இழுக்கிறதா? ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் போதும். கைவிட்டுப் போகாதீர்கள், சூடானால் உடனே பிரித்துவிடுங்கள்.

சாரணர் திசைகாட்டி இருந்தால் ஒன்று கூடுதலாக. பவர் பேங்க்கை அரை மீட்டர் தூரத்திலிருந்து மெதுவாகத் திசைகாட்டியை நோக்கி நகர்த்துங்கள். ஊசி திரும்பத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். மிக அருகே கொண்டு போனால் மலிவான திசைகாட்டியின் ஊசி வடக்கையும் தெற்கையும் மாற்றிக் காட்டத் தொடங்கிவிடும். இப்போது கைப்பேசியை ஒட்டுங்கள். ஊசி கொஞ்சம் இடம் மாறலாம். அது அமைதியானபின் மின்னேற்றத்தைத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். அந்த மாற்றத்துக்கு ஊசி அசைகிறதா? அசையவில்லை என்றால், நொடிக்கு லட்சம் தடவை திசை மாறும் புலம் அங்கே இருக்கும்போது ஊசி ஏன் அதைக் காட்டவில்லை? விடையை நான்கு வரியில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

என் மாணவனும் இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டிருக்கிறான், அக்காவின் கைப்பேசியை வாங்கி. அவனுடைய பவர் பேங்க்கின் அடியில் கம்பி செருகும் துளையும் இருந்தது. இப்போது வளையத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் கம்பியால் மின்னேற்றம் செய்கிறான். அஞ்சல் செலவைக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டான். காகிதக் கட்டு ஒன்று கேட்டான், கொடுத்தேன்.